எல்லாச் சின்னமும் அடிக்கிற வவுனியா அச்சகம்: என் அனுபவம்

மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது, வரப்போகிறது என்று மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. எப்போது வந்தாலும் எல்லாரும் கடைசி வாரத்தில்தான் அச்சகத்துக்கு ஓடுவோம், அதனால் நான் நம்பிப் போகிற ஒரு இடத்தைப் பற்றி இப்போதே எழுதி வைக்கிறேன். வவுனியாவில், குருமன்காட்டுப் பக்கம் இருக்கிற சின்ன அச்சகம். பெயர் போட வேண்டாம் என்று முதலாளி அண்ணை கேட்டுக்கொண்டார். எல்லாக் கட்சிக்காரரும் வந்து போகிற இடம், ஒரு பக்கத்து ஆள் பாராட்டி எழுதினால் மற்றப் பக்கத்து ஆள் வேறு மாதிரி எடுப்பான் என்கிற யோசனை அவருக்கு. நியாயம்தான். தேவையான ஆக்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.

இது தேர்தலை நம்பித் தொடங்கிய கடை இல்லை. வருடம் முழுக்கக் கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குச் சான்றிதழ், இதுதான் அவர்களுடைய பிழைப்பு. முன்னுக்கு ஒரு மேசையும் இரண்டு கொம்பியூட்டரும், பின்னுக்குப் பழைய ஒப்செட் மெசின், பக்கத்து அறையில் பனர் அடிக்கிற மெசின். டிசைன் செய்கிறது ஒரு தங்கச்சி, ஓமந்தைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. உள்ளே போனதும் நான் கவனித்தது சுவரைத்தான். மாதிரிக்கென்று கலியாணக் கார்டும் திருவிழா நோட்டீசும் தொங்குகின்றன, ஆனால் கட்சி நோட்டீஸ் ஒரு துண்டுகூட இல்லை. தேர்தல் காலத்தில் இத்தனை பேருக்கு அடித்துக் கொடுக்கிறவர், நல்லதாக வந்த ஒன்றிரண்டை ஒட்டி வைத்தால் அடுத்த ஓடர் தானாக வரும். ஆனாலும் ஒட்டுவதில்லை. உள்ளே வருகிறவன் தன் எதிராளியின் முகத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டு தன் நோட்டீசுக்கு விலை பேச வேண்டிய நிலை வரக்கூடாது என்று அவர் நினைக்கிறார். இதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் போனது என் சித்திக்காக. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வவுனியா வடக்குப் பிரதேச சபைக்கு நெடுங்கேணிப் பக்கத்து வட்டாரம் ஒன்றில் அவ தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றவ. நோட்டீஸ், பெயர் போட்ட சின்ன அட்டை, கூட்டத்துக்கு இரண்டு பனர், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலையை அவர்கள் செய்த விதத்தில், எங்கள் பக்கத்து அரசியல் எப்படி இடம் மாறிக்கொண்டு போகிறது என்பதை நான் நேரே பார்த்தேன், அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

தங்கச்சி கொம்பியூட்டரில் சித்தியின் போல்டரைத் திறந்தா. சித்தியின் பெயரிலேயே ஒரு போல்டர் ஏற்கெனவே இருந்தது. இந்தக் கடையில் கட்சியின் பெயரில் எதையும் சேமித்து வைப்பதில்லை, ஆளின் பெயரில்தான். கட்சியின் பெயரில் வைத்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆட்களை இங்கேயிருந்து அங்கே தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டி வருமாம், ஆள் மாறமாட்டார், போன் நம்பரும் மாறாது என்று சொன்னா. சித்தியின் போல்டருக்குள் 2018இல் உதயசூரியன், 2020இல் மீன், 2023இல் குத்துவிளக்கு, 2024இல் சங்கு. அப்போதெல்லாம் சித்தி வேட்பாளர் இல்லை, ஊருக்குள் கூட்டம் சேர்க்கிறவ, மகளிர் சந்திப்புக்கு அழைப்பு அடிக்கிறவ. எல்லா அழைப்பிலும் ஒரே படம்தான், மஞ்சள் சேலை கட்டி, தலையைக் கொஞ்சம் சரித்து எடுத்த படம். பின்னணி நிறமும் மூலையிலிருக்கிற சின்னமும் மட்டும்தான் மாறியிருந்தன. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னா, "அன்ரி, இந்தப் படம் மீனுக்கும் போட்டாச்சு, விளக்குக்கும் போட்டாச்சு. இப்ப நீங்களே நிக்கிறீங்கள், புதுப் படம் ஒண்டு எடுப்பம்." பின்வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் சித்தியை நிறுத்தித் தன் போனிலேயே எடுத்தா. அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அந்தப் போல்டரைப் பார்த்தால் சித்தி அடிக்கடி கட்சி மாறுகிறவ என்றுதான் ஒருவர் நினைப்பார். உண்மை அதுவே இல்லை. 2018இலிருந்து 2024 வரைக்கும் அவ ஒரே கட்சியில்தான் இருந்தவ, ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி, அதாவது ஈ.பி.ஆர்.எல்.எவ். சின்னம்தான் மாறியது. 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வடமாகாண சபைத் தேர்தல் நடந்தபோது தமிழரசு, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ்., தமிழர் விடுதலைக் கூட்டணி என்று ஐந்து கட்சிகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக ஒரே வீட்டுச் சின்னத்தின் கீழ் நின்றன, 38 ஆசனங்களில் 30 கிடைத்தது, வவுனியா மாவட்டத்தில் ஆறில் நான்கு. அன்றைக்கு வீடு என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஈ.பி.ஆர்.எல்.எவ். கூட்டமைப்பை விட்டு ஆனந்தசங்கரியின் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உதயசூரியனில் கேட்டது. 2020இல் முன்னாள் முதலமைச்சர் விக்னேஸ்வரனோடு சேர்ந்து மீன். 2023 ஜனவரியில் தமிழரசு தனியே போவதென்று முடிவெடுக்க, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ். எல்லாம் சேர்ந்து ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியாகக் குத்துவிளக்கில் வேட்புமனு கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குத் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார், நவம்பரில் அதே சங்கை அந்தக் கூட்டணி எடுத்துக்கொண்டது.

ஆறு வருடத்தில் நான்கு சின்னம், அதற்கு முதல் இருந்த வீட்டையும் சேர்த்தால் ஐந்து. இதில் ஒன்றையாவது கட்சி சித்தியைக் கேட்டு மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் புதுச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளாலும் குளக்கட்டாலும் நடந்து, கண் தெரியாத ஆச்சிமாருக்கு எங்கே புள்ளடி போட வேண்டும் என்று விளங்கப்படுத்தினது அவதான். ஆச்சிமார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு "அப்ப வீட்டுக்குத்தானே பிள்ளை?" என்று கேட்பினமாம். திரும்ப முதலிலிருந்து சொல்லுவா.

பிறகு 2025 மார்ச்சில் வேட்புமனு நேரம். இத்தனை வருடம் ஓடி ஓடி வேலை செய்த தன் வட்டாரத்தில் தன்னை நிறுத்துவார்கள் என்று சித்தி எதிர்பார்த்தவ. நிறுத்தவில்லை, வேறொருவருக்குக் கொடுத்தார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. அதே வாரத்தில் வீட்டுச் சின்னத்துப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கடைசி நேரத்தில் எல்லாக் கட்சியும் பெண்களைத் தேடி ஓடுவது நீங்களும் பார்த்ததுதான். சித்தி இரண்டு இரவு யோசித்துவிட்டு ஓம் என்றா. அன்றிலிருந்து அவவுக்குத் துரோகி என்று பெயர். வட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்கள், கோயிலடியில் முகம் திருப்பினார்கள், சித்தப்பாவின் கடையில் சாமான் வாங்குகிறதை நிறுத்தின குடும்பமும் உண்டு.

எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கத் தேவையில்லை. மேல்மட்டத்தில் யார் யாரோடு போனாலும் அதற்குக் கூட்டணி, தந்திரோபாயம், மக்கள் நலன் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. தமிழரசுக் கட்சியையே எடுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்று கட்சி அறிவித்தது, அதே கட்சியின் சிறீதரன் வெளிப்படையாக அரியநேத்திரனுக்குப் பிரசாரம் செய்தார். 2025 ஜூனில் யாழ்ப்பாணச் சபைகளில் ஆட்சி அமைக்கும் கணக்குக்காகக் கட்சியின் பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம், வீணைச் சின்னத்து ஈ.பி.டி.பி.யின் டக்ளஸ் தேவானந்தாவைப் போய்ச் சந்தித்தார். வீட்டையும் வீணையையும் ஒரே மேசையில் காண்போம் என்று ஐந்து வருடத்துக்கு முதல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? அதே ஜூனில் சங்கும் கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் சைக்கிளும் ஒப்பந்தம் போட்டன. வன்னியில் காதர் மஸ்தான் 2015இல் வெற்றிலைச் சின்னம், 2020இல் ராஜபக்சாக்களின் மொட்டு, 2024இல் தொழிற்கட்சி என்று மூன்று முறை மூன்று இடத்தில் நின்று மூன்று முறையும் பாராளுமன்றம் போனார், அவருக்குப் போடுகிறவர்கள் சின்னத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்துப் போட்டார்கள். இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிற நாங்கள், ஒரு வட்டாரத்தில் பதினைந்து வருடமாகக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கின பெண் ஒரு முறை தன் விருப்பத்தில் மாறினால் அவவின் வீட்டுப் படலையில் ஏறி நின்று கேள்வி கேட்கிறோம்.

வாக்காளர்களும் அப்படித்தான், அவர்களையும் எடுபட்டுப் போகிறார்கள் என்று திட்டுகிற பழக்கம் பெரிய ஆட்களுக்கு இருக்கிறது. 2024 செப்டம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் முதலாவது, ரணில் இரண்டாவது, அரியநேத்திரன் மூன்றாவது, அநுர நான்காவது. எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14ஆம் திகதி, அதே மாவட்டத்தில் அநுரவின் திசைகாட்டி முதலாம் இடம். ஆறு ஆசனத்தில் இரண்டு திசைகாட்டிக்கு, மிச்சம் நான்கும் ரிஷாட், ரவிகரன், செல்வம் அடைக்கலநாதன், மஸ்தான் என்று ஆளுக்கொன்றாக நான்கு கட்சிகளுக்குப் போயின. 2020இல் கூட்டமைப்புக்கு மட்டும் மூன்று ஆசனம் கிடைத்த மாவட்டம் இது. பிறகு 2025 மே மாதம் வடக்கில் பெரும்பாலான சபைகளில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது. வவுனியா மாநகர சபைக்கு முதன்முதலாக நடந்த தேர்தலில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாமல், கடைசியில் மேயர் பதவி சங்குக்குப் போனது.

எங்கள் ஊரிலேயே செப்டம்பரில் சங்கு, நவம்பரில் திசைகாட்டி, மேயில் வீடு என்று எட்டு மாதத்துக்குள் மூன்று இடத்தில் புள்ளடி போட்ட ஆட்களை எனக்குத் தெரியும், அவர்கள் குழம்பிப் போன ஆட்கள் இல்லை. செப்டம்பரில் எங்கள் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்று கொழும்புக்கும் உலகத்துக்கும் சொல்ல விரும்பினார்கள். நெடுங்கேணிக்காரருக்கு அதற்குக் காரணம் தேடிப் போகத் தேவையில்லை, அந்த வருடச் சிவராத்திரி இரவில் வெடுக்குநாறிமலையில் கும்பிடப் போன எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதை யார் மறப்பது. நவம்பரில், ஒரே வீட்டுக்குள் தலைவர் தெரிவு நீதிமன்றத்துக்குப் போய், ஒருவரை ஒருவர் மேடையில் கிழித்த கட்சிகளுக்குப் பாடம் படிப்பிக்க நினைத்தார்கள், புதிதாக வந்தவர்கள் களவு செய்யமாட்டார்கள் என்றும் நம்பினார்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தது. வவுனியா அதில் இல்லை, ஆனால் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் இருந்தன, சண்டையில் உறுதியையும் பேர்மிட்டையும் தொலைத்துவிட்டு வந்த சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும். எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் முல்லைத்தீவில்தான். மே மாதத்தில் வீடு வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன், அதோடு பிரதேச சபைக்குப் போடும்போது ஆட்கள் பெரிய அரசியலைவிட மதகு உடைந்தால் யாருக்குப் போன் எடுக்கலாம் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

சித்தியின் நோட்டீஸ் திரையில் இருந்தபோது வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் வேறொரு சின்னத்துக்கு வேலை செய்கிறவர், குரூப்பில் சித்தியைப் பற்றி மோசமாக எழுதினவர்களில் ஒருவர். தங்கச்சி ஒரு சத்தமும் இல்லாமல் திரையை மூடிவிட்டு ஒரு கலியாணக் கார்டைத் திறந்தா. அண்ணை எழுந்து வந்து அவரை முன் கதிரையில் இருத்தி, எங்களுக்கு ஊற்றின அதே பிளேன்டீயை அவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் சித்தியைப் பார்த்துவிட்டு "இங்கயும் வந்திட்டினமோ" என்று ஏதோ தொடங்க, அண்ணை குரல் உயர்த்தாமல் "தம்பி, இங்க வாற எல்லாரும் எனக்கு ஓடர் தந்த ஆக்கள். ஊர்க் கதையை ஊரில வையுங்கோ" என்றார். அதோடு முடிந்தது. அவருடைய வேலை என்ன, எத்தனை அடிக்கிறார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றும் எங்களுக்குத் தெரியவராமல் பார்த்துக்கொண்டார்கள். எங்களுடையதும் அவருக்குத் தெரியவரவில்லை, ஏனென்றால் சித்தியின் நோட்டீசில் இருந்த குளத்து வாய்க்கால் விஷயம் மற்றப் பக்கத்துக்கு முன்கூட்டிப் போயிருந்தால் அன்றிரவே அதற்குப் பதில் வந்திருக்கும். வரவில்லை. தேர்தல் காலத்தில் ஒரு அச்சகத்திடம் நான் எதிர்பார்க்கிற முதலாவது விஷயம் இதுதான், அச்சுத் தரம்கூட அதற்குப் பிறகுதான். போன பொதுத் தேர்தலில் சிநேகிதன் ஒருவனுக்காக வேறொரு இடத்தில் கொடுத்த நோட்டீஸ், மெசினிலிருந்து இறங்க முதலே எதிர்ப்பக்கத்தின் போனில் இருந்தது, அந்த அனுபவம் இருக்கிறபடியால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சட்ட விஷயத்திலும் இவர்கள் கெட்டிக்காரர். தேர்தல் நோட்டீசில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும், அதைப் போடாமல் அடித்துத் தரச்சொல்லி எத்தனையோ பேர் கேட்பார்களாம், குறிப்பாக மற்றவனைத் திட்டுகிற நோட்டீசுக்கு. எவ்வளவு காசு தந்தாலும் அடிப்பதில்லை. பனர் இரண்டு போதும் என்று சொன்னதும் அவர்தான், கண்ட இடத்திலும் கட்ட முடியாது, கூட்டம் நடக்கிற இடத்திலும் கட்சி அலுவலகத்திலும்தான், மிச்சத்தைப் பொலிஸ் கழற்றிக்கொண்டு போகும், ஏன் வீணாக அடிக்கிறீர்கள் என்றார். தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிற ஆள் எத்தனை பேர் இருப்பார்கள். சித்தியிடம் இருந்த பழைய மாதிரியில் விருப்பு இலக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, பாராளுமன்றத் தேர்தலுக்குப் போட்ட மாதிரி. பிரதேச சபைக்கு விருப்பு வாக்கே இல்லை, சின்னத்துக்கு ஒரு புள்ளடி மட்டும்தான் என்று தங்கச்சி அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாக்குச்சீட்டில் வருகிற மாதிரி சின்னத்தையும் புள்ளடியையும் பெரிதாகப் போட்டா. ஆச்சிமாருக்கு அதுதான் உதவியது.

பில்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டப்படி, முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் வென்றாலும் தோற்றாலும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நீதிமன்றம், கச்சேரி என்று அலைச்சல்தான். பல பேருக்கு இது தோற்ற பிறகுதான் ஞாபகம் வருகிறது. இந்தக் கடையில் இலக்கம், திகதி, எத்தனை பிரதி, என்ன அளவு, என்ன காகிதம் என்று எல்லாம் எழுதி பில் தருகிறார்கள், கொப்பியும் வைத்திருக்கிறார்கள். சித்தி ஒன்றைத் தொலைத்துவிட்டுப் போன் எடுத்தபோது அன்று பின்னேரமே கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினார்கள். சித்தி வெல்லவில்லை, ஆனால் கணக்கைத் திகதிக்கு முதலே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தா.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது எழுத்துரு. நாங்கள் போனில் யூனிகோடில் எழுதி அனுப்புகிறோம், அவர்கள் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள், மாற்றும்போது கொம்பும் அரவும் இடம் மாறும், கிரந்த எழுத்து வந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். எங்கள் நோட்டீசில் ஒலுமடு என்கிற ஊர்ப் பெயர் ஓலுமடு என்று வந்துவிட்டது. ஊர்ப்பேரைப் பிழையாகப் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குள் வோட்டுக் கேட்டுப் போக முடியுமா? காட்டின உடனே அந்தக் கட்டை முழுக்க வெட்டிப் போட்டுவிட்டுத் திருப்பி அடித்துத் தந்தார்கள், காசு கேட்கவில்லை, ஆனால் ஒரு நாள் போய்விட்டது, அதுவும் கடைசி வாரத்தில் ஒரு நாள். மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துவிட்டு ஓம் சொல்லுங்கள். போனில் பார்த்து ஓம் சொல்ல வேண்டாம்.

பனரின் நிறம் சித்திரை வெயிலுக்கு நிற்கவில்லை. சிவப்பு ஒரு கிழமையில் வெளிறிப் போனது. உள்ளே கட்டுகிறதுக்குச் சரி, வெளியே நாள்கணக்கில் நிற்கிற வேலைக்கு வேறு தடிப்பில் கேளுங்கள், கேட்டால் வைத்திருக்கிறார்கள், தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். விலை டவுனில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூட. ஆயிரத்துக்குக் குறைய ஒப்செட்டில் போட்டால் கட்டுப்படியாகாது, டிஜிட்டலில் போட்டால் ஒவ்வொன்றும் விலை ஏறும், ஆகவே சின்ன வட்டாரத்தில் நிற்கிறவர்கள் பக்கத்து வட்டாரத்து ஆளோடு சேர்ந்து ஒரே தாளில் இரண்டு பேருடையதையும் போட்டு வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம். இந்த யோசனையும் அண்ணை சொன்னதுதான். தேர்தல் மாதத்தில் போன் எடுத்தால் தூக்கமாட்டார்கள், நேரே போக வேண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய பாடு, பஸ்ஸும் குறைவு. வட்ஸ்அப்பில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி போட ஒருவரை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும், இதை அண்ணையிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம், எனக்கு இந்தக் கடையில் நம்பிக்கை வந்ததே இதனால்தான். 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் மார்ச் 9ஆம் திகதி என்று சொல்லி வேட்புமனுவும் வாங்கிவிட்டு, காசில்லை என்று ஒத்திவைத்து, கடைசியில் நடக்கவேயில்லை. வேட்புமனுவை நம்பி அச்சகங்களில் முற்பணம் கட்டினவர்கள் ஏராளம். பல இடங்களில் அந்தக் காசு போனது போனதுதான். சித்தியும் குத்துவிளக்கு அழைப்புகளுக்கும் நோட்டீசுக்கும் சேர்த்துச் சேர்த்த காசில் ஒரு தொகை கொடுத்திருந்தவ. அண்ணை அடித்து முடித்த வேலைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொப்பியில் வரவு வைத்தார். இரண்டு வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில் பழைய வேட்புமனுக்களைச் சட்டம் போட்டே இரத்துச் செய்து புதிதாகக் கேட்டபோது, சித்தி வேறு சின்னத்தில் வந்து நின்றா. அவவே மறந்திருந்த அந்தக் காசை அண்ணை கொப்பியைப் புரட்டிக் காட்டிக் கழித்துவிட்டார். விளக்குக்குக் கட்டின காசு அக்கா, வீட்டுக்கு எப்படிக் கழிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது சித்தி கட்டின காசு, சித்திக்குக் கழித்தார். ஊரில் அத்தனை பேர் அவவை எந்தப் பக்கத்து ஆள் என்று மட்டும் பார்த்த அந்த மாதத்தில் இந்த ஒரு இடத்தில் அவ தன் பெயரோடு நின்றா, எங்கள் வீட்டில் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். ஒரே ஒரு தேர்தலைக் கண்ட சபை. அடுத்தது வந்தால் 2013 மாதிரி ஒரு சின்னத்துக்கு மட்டும் அடித்துக் குவிக்கிற தேர்தலாக இருக்காது, வீடு, சங்கு, சைக்கிள், திசைகாட்டி, சுயேச்சை என்று இந்தச் சின்ன அறைக்குள் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். வேலை நெருக்கும். ஆகவே போகிறவர்கள் வேட்புமனுக் கொடுத்த கையோடு போங்கள், படத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சுயேச்சையாக நிற்கிறவர்கள் சின்னம் ஒதுக்கின பிறகுதான் அடிக்க முடியும், ஆனாலும் எழுத்தையும் படத்தையும் முதலே கொடுத்து வைத்தால் சின்னத்தையும் குழு இலக்கத்தையும் மட்டும் கடைசியில் சேர்த்துத் தருவார்கள். அரைவாசி முற்பணம், மிச்சம் பொருள் எடுக்கும்போது. ஞாயிறு பூட்டு, தேர்தல் மாதத்தில் மட்டும் மத்தியானம் வரைக்கும் திறப்பார்கள். காலையில் எட்டரைக்கு முதல் போனால் தங்கச்சியின் ஓமந்தை பஸ் வந்திராது, டிசைன் வேலைக்கு ஒன்பதுக்குப் பிறகு போங்கள்.